மனைவியின் கைபேசியில் மட்டும் ஏன் பழைய இணையதளம்?

சிறு தொழில் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக இருந்த இணையதளத்தை அடியோடு புதுப்பித்து, வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. அவருடைய கணினியில் புதிய பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது. பக்கத்திலேயே அமர்ந்திருந்த மனைவியின் கைபேசியில் பழைய பக்கம்தான் தெரிந்தது. வாடிக்கையாளர்களில் சிலர் புதியது என்கிறார்கள், சிலர் பழையது என்கிறார்கள். ஒருவருக்கு முதலில் புதியது வந்து, பிறகு பழையது வந்ததாம். தளத்தை வடிவமைத்தவரோ, “உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள்” என்று சொல்லிவிட்டார். வாசகரின் கேள்வி இதுதான்: கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டம் தாண்டும் இணையத்தில், இரண்டு நாள் எடுத்துப் பரவும் அந்த ஆமை எது?

அப்படி ஒரு ஆமை இல்லை. எதுவுமே பரவவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு மூடநம்பிக்கை அது. எந்த மூடநம்பிக்கையையும் போல இதிலும் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தெரிந்த விஷயங்களை விரைவாகத் தாண்டிவிடுவோம். இணையதளம் என்பது எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் கோப்புகள். அந்த சர்வருக்கு ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. மனிதர்களால் எண்ணை நினைவில் வைக்க முடியாது என்பதால் டொமைன் பெயர் வாங்குகிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது டிஎன்எஸ்ஸில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுகிறோம். அவ்வளவுதான் திறப்பு விழா. ஒரு வரி திருத்தம்.

உண்மையிலேயே பரவிய காலம் ஒன்று இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதை ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பராமரித்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அந்தக் குழுவிடம் சொல்ல வேண்டும், அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள், மற்ற ஊர்க் கணினிகள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளும். சில நூறு கணினிகள் இருந்தவரை இது ஓடியது. கணினிகள் பெருகப் பெருக, கோப்பும் வீங்கியது, அதைப் பிரதி எடுக்கும் கூட்டமும் வீங்கியது. 1983ஆம் ஆண்டு தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்றில் பால் மோக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றாக டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அதில் அவர் செய்த முக்கியமான காரியம், பரப்பும் வேலையையே நிறுத்தியது. யாருக்கும் எதையும் அனுப்பி வைக்க வேண்டாம். வேண்டியவர் வந்து கேட்கட்டும்.

கேட்பது எப்படி? உங்கள் கைபேசி நேரடியாக அலைவதில்லை. அதற்காகவே ரிசால்வர் என்ற சர்வர் ஒன்றை உங்கள் இணைய நிறுவனம் வைத்திருக்கும். அது முதலில் மூல சர்வர்களிடம் போகும். மூல சர்வர்களுக்கு மொத்தம் 13 பெயர்கள்தான். ஒரே சிறு பொட்டலத்துக்குள், அதாவது 512 பைட்டுக்குள், எல்லா முகவரிகளையும் அடக்க வேண்டியிருந்ததால் அந்தக் கணக்கு. (பெயர்தான் 13. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உலகெங்கும் ஏராளமான இயந்திரங்கள் இருக்கின்றன.) மூல சர்வர், “டாட்காம் பெயர்களை அவர்களிடம் கேள்” என்று கைகாட்டும். டாட்காம் சர்வர், “அந்தப் பெயருக்குப் பொறுப்பான நேம்சர்வர் இது” என்று கைகாட்டும். கடைசியாக அந்த நேம்சர்வர் எண்ணைச் சொல்லும். மூன்று கதவுகளைத் தட்டிப் பெற்ற பதிலை ரிசால்வர் உடனே மறந்துவிடுமா? நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதே பெயரைக் கேட்டால் எந்தக் கதவையும் தட்டாமல் பதில் சொல்லும்.

எத்தனை நேரம் நினைவில் வைக்கலாம்? என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் அழகே இங்கேதான் இருக்கிறது. பதிலைக் கொடுக்கும் நேம்சர்வரே அதற்கு ஓர் ஆயுளையும் சேர்த்துக் கொடுக்கிறது. டிடிஎல் என்பார்கள். நொடிக் கணக்கில் ஓர் எண். 86400 என்று எழுதியிருந்தால் ஒரு நாள். 3600 என்றால் ஒரு மணி நேரம். ரிசால்வர் அந்த எண்ணை வாங்கிய கணத்திலிருந்து நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் பதிலைத் தூக்கி எறிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பதில் கைமாறும்போது என்ன ஆகிறது என்பது. ஒரு நாள் ஆயுளோடு வந்த பதிலை ரிசால்வர் 20 மணி நேரம் வைத்திருந்துவிட்டு இன்னொரு சர்வரிடம் கொடுக்கிறது என்று வையுங்கள். அப்போது அது 86400 என்று சொல்லாது. 14400 என்று சொல்லும், மிச்சமிருக்கும் நான்கு மணி நேரத்தை மட்டும். வாங்கிய சர்வரும் அந்த 14400லிருந்துதான் குறைக்கத் தொடங்கும். மருந்து அட்டை எத்தனை கை மாறினாலும் காலாவதித் தேதி மாறாதது போல, ஒரே மூலத்தைப் பார்த்து எடுத்த பிரதியும், பிரதியின் பிரதியும் ஒரே நேரத்தில் செத்துப்போகும்.

ஆனால் மருந்து அட்டையில் தேதி இருக்கும், இங்கே தேதி இல்லை. மிச்ச நொடிகள் மட்டும்தான். சின்ன வேறுபாடு போலத் தோன்றும். தேதி எழுதினால் உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சர்வரின் கடிகாரம் ஒரு வாரம் பின்தங்கியிருந்தால் அது செத்த பதிலை ஒரு வாரம் சுமந்துகொண்டிருக்கும். மிச்ச நொடியைச் சொன்னால் அந்தக் கவலையே இல்லை. இப்போது மணி என்ன என்று தெரியாத இயந்திரம்கூட, ஒன்று இரண்டு என்று எண்ணத் தெரிந்திருந்தால் போதும். 1983இல் போட்ட இந்த முடிச்சு இன்றைக்கும் அவிழாமல் நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இப்போது வாசகரின் வீட்டுக்குப் போவோம். அவருடைய பழைய பதிவின் ஆயுள் ஒரு நாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு எண்ணை மாற்றினார். கணினி பயன்படுத்தும் ரிசால்வரின் நினைவில் இந்தப் பெயர் இல்லை, அல்லது அப்போதுதான் காலாவதியானது. போய்க் கேட்டது, புதிய எண் கிடைத்தது. கைபேசியோ மொபைல் டேட்டாவில் இருக்கிறது, அதற்கு ரிசால்வர் வேறு. அது ஒன்பதே முக்காலுக்கு யாருக்காகவோ கேட்டு வைத்த பழைய பதிலை மறுநாள் ஒன்பதே முக்கால் வரை விடாது. புதியதும் பழையதும் மாறி மாறி வந்த வாடிக்கையாளர், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொது ரிசால்வர் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துபவராக இருக்கலாம். அவற்றின் ஒரே முகவரிக்குப் பின்னால் பல இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு. எது பதில் சொல்கிறதோ அதன் ஞாபகம்தான் உங்கள் திரையில் வரும்.

ஆக, புதிய செய்தி பரவுவதற்காக அவர் காத்திருக்கவில்லை. பழைய செய்தி மறக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறார். அந்த மறதியின் நீளத்தை அவரே முன்கூட்டித் தீர்மானித்திருக்கலாம். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 ஆக்கியிருந்தால், சுமார் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். சில ரிசால்வர்கள் மிகச் சிறிய ஆயுளை மதிக்காமல் தாமே கொஞ்சம் கூட்டிக்கொள்ளும் என்றாலும், பெரும்பாலானவை சொன்ன பேச்சைக் கேட்பவை. பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: எண்ணை மாற்றும் அதே நேரத்தில் டிடிஎல்லையும் குறைப்பார்கள். பயனில்லை. ஏற்கெனவே வெளியே போன பிரதிகள் பழைய ஆயுளோடு போயிருக்கின்றன, அவற்றைத் திருப்பி அழைக்க வழியே கிடையாது.

அந்த 48 மணி நேரம்? சர்வரின் எண்ணை மட்டும் மாற்றாமல் நேம்சர்வரையே மாற்றினால், திருத்தம் ஒரு படி மேலே, டாட்காம் சர்வரில் நடக்கிறது. அங்கே அந்தப் பதிவின் ஆயுள் 172800 நொடி. வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணை உங்களால் குறைக்க முடியாது. மூடநம்பிக்கையில் ஒட்டியிருக்கும் உண்மை இதுதான். இதை எல்லா மாற்றத்துக்கும் பொதுவான விதியாகச் சொல்லுவது சோம்பல்.

எப்போதுமே 300 என்று வைத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். அவர்களுடைய நேம்சர்வர்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று. வெளியே இருந்த பிரதிகள் காலாவதியானதும் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று சொல்ல உலகில் ஆளில்லை. நீண்ட ஆயுள் ஒரு சேமிப்பு. உங்கள் நேம்சர்வர் படுத்துவிட்டாலும் பிரதிகள் சிறிது காலம் உங்களைக் காப்பாற்றும். மாற்றத்துக்கு முன் குறைத்து, எல்லாம் நிலைத்த பிறகு கூட்டிவிடுவதே என் வழக்கம்.

ரிசால்வர் “இல்லை” என்பதையும் நினைவில் வைக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நண்பர் ஒருவரின் தளத்துக்குப் புதிய துணைப்பெயர் (டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து உருவாக்கும் பெயர்) உருவாக்கும் நாளில், பதிவை எழுதுவதற்கு முன்பே ஆர்வம் தாங்காமல் அந்தப் பெயரை பிரவுசரில் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது. இல்லாதது இல்லைதானே, பதிவை எழுதினேன். நண்பருக்கு உடனே தெரிந்தது. எனக்கு ஒரு மணி நேரம் தெரியவில்லை. நான் அவசரப்பட்டுக் கேட்ட அந்த ஒரே கேள்விக்குக் கிடைத்த “இல்லை”க்கும் ஓர் ஆயுள் இருந்தது, என் ரிசால்வர் அதை மரியாதையாகக் கடைசி நொடி வரை காப்பாற்றியது.

ஒரு புலம்பலுக்கு இடம் கொடுங்கள். மோக்கபெட்ரிஸின் வேலை அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. அதை யூனிக்ஸ் கணினிகளில் ஓட வைத்த பைண்ட் மென்பொருளை 1980களின் தொடக்கத்தில் எழுதியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவர்கள், அதுவும் அரசு நிதியில்தான். முதல் டாட்காம் பெயர் பதிவானதே 1985 மார்ச் மாதம். அந்த மாணவர்களிடம் “இதனால் சந்தைக்கு என்ன லாபம்” என்று யாராவது படிவம் நீட்டியிருந்தால் அவர்கள் எதை நிரப்பியிருப்பார்கள்? இன்று ஒவ்வொரு சிறு தொழிலும் ஆண்டுதோறும் டொமைனுக்குக் கட்டணம் கட்டுகிறது. நிதி ஒதுக்கும் குழுக்கள் இன்னும் அதே படிவத்தைத்தான் நீட்டுகின்றன.

தளத்தின் நிறத்தையும் சின்னத்தையும் பற்றி மூன்று வாரம் விவாதிப்பவர்கள், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மூன்று நிமிடம் பார்ப்பதில்லை. வடிவமைத்தவர் பெயரில் இருந்தால், நாளைக்கு நீங்கள் டிடிஎல்லைக் குறைக்கக்கூட அவரைத்தான் கேட்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு கடைசி வேலை இருக்கிறது. மின்னஞ்சலுக்கும் டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் என்று தனிப் பதிவு உண்டு. அதற்கும் தனி ஆயுள் உண்டு. தளத்தை மாற்றும் மும்முரத்தில் நான் ஒரு முறை அதைப் புதிய நேம்சர்வருக்குக் கொண்டுபோக மறந்தேன், உறவினர் ஒருவரின் தொழில் இரண்டு நாள் கடிதமில்லாமல் கிடந்தது. எம்எக்ஸை ஒழுங்காக மாற்றியிருந்தாலும், பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் கடிதங்களைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டிருக்கும். எனவே பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்றே மூடிவிட வேண்டாம். இரண்டு நாள் கழித்து, அங்கே இருக்கும் பழைய அஞ்சல் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகல் யாராவது விலை கேட்டு எழுதியிருக்கக்கூடும்.