ஆர்க்கைவிஸ்ட் என்றால் ஆவணக் காப்பாளர்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பாராட்டு விழா. பல்கலைக்கழகத்தில் நூலகராகவும் ஆர்க்கைவிஸ்டாகவும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாருக்கு. தமிழ் அழைப்பிதழில் அவரைப் ‘பழஞ்சுவடிக் காவலர்’ என்று அச்சடித்திருந்தார்கள். டர்பனில் இந்த ஆண்டு இந்தச் சொல் என் கண்ணில் படுவது மூன்றாவது முறை.

ஆர்க்கைவ் கிரேக்கச் சொல். ஆட்சியாளர் இருந்து அலுவல் பார்த்த இடத்துக்குப் பெயர். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

சுவடி என்றால் ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. அங்கே இருப்பவை கடிதம், புகைப்படம், ஒலிநாடாவில் பதிந்த நேர்காணல். இதில் எது சுவடி? ‘பழம்’ என்பதும் பொருந்தாது. நேற்று நடந்த கூட்டத்தின் குறிப்பும் நாளை ஆவணம்தான். அப்புறம் ‘காவலர்’. வாசலில் தடியோடு நிற்பவரையோ போலீஸ்காரரையோதான் அது நினைவூட்டும்.

சிலர் ‘நூலகர்’ என்றே சொல்லிவிடலாமே என்கிறார்கள். அந்த அம்மையாரைப் போல ஒருவரே இரண்டு பொறுப்பும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. வேலை வேறு. நூலகர் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவார். ஒரு பிரதி தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆவணக் காப்பாளர் ஒரு கட்டு யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரிலேயே, வந்த வரிசை குலையாமல் வைப்பார். தொலைந்தால் தொலைந்ததுதான்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். நம்மில் பலருக்குக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுத்தில் இருப்பது அந்த ஒரே வரி. அதை வைத்துக் காப்பாற்றியவரை என்ன பெயரால் அழைக்கிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

சொல்லுக்கு நாம் அலையவும் வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் ‘ஆவணக்களரி’ உண்டு. பத்திரம் பதியும் இடம். பெரியபுராணத்தில், ‘நீ எனக்கு அடிமை’ என்று கிழவேதியர் நீட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அந்த அடிமை ஓலையை எழுதிக் கொடுத்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பில்’ இருந்து வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூலம், படி, காப்பு, ஒப்புநோக்கல்: இந்தத் தொழிலுக்கு வேண்டிய சொற்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடமே கிடக்கின்றன. எழும்பூரில் இருக்கும் அரசு நிறுவனத்தின் பெயரும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். வழக்கில் ஊன்றிய சொல்லைத் தள்ளிவிட்டு, அகராதிச் செயலியில் முதலில் விழுவதை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

விழாவில் அந்த அம்மையாருக்குக் கொடுத்த கேடயத்திலும் ‘காவலர்’ என்றே பொறித்திருக்கிறார்கள். மாற்றிப் பொறித்துக் கொடுங்கள் என்று விழாக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்: ‘பல்கலைக்கழக நூலகர், ஆவணக் காப்பாளர்’.