கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவை அப்படியே நம்பலாமா?

சமீபத்தில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் என் மேசைக்கு வந்தது. பவர் சப்ளையின் முதல் கெப்பாசிட்டர் உப்பிப் பிளந்து, கசிந்த திரவம் சேசிஸில் பழுப்புக் கறையாகக் காய்ந்திருந்தது. 350 வோல்ட் கெப்பாசிட்டர். முன்பே ஒருமுறை அதே அளவில் மாற்றியிருக்கிறார்கள் என்று சால்டரைப் பார்த்ததும் தெரிந்தது. மாற்றியவரைக் குறை சொல்ல முடியாது. செட் ஓடும்போது மீட்டர் வைத்தால் 318 வோல்ட்தான் காட்டுகிறது.

450 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு, மீட்டரை உச்ச அளவைப் பிடித்து வைக்கும்படி அமைத்து சுவிட்சைப் போட்டேன். 386! ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு யாரோ சிலிக்கான் டயோடு வைத்திருந்தார்கள். மெதுவாகச் சூடேறும் வால்வு இருந்தவரை, மற்ற வால்வுகள் கரண்ட் இழுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் வோல்டேஜும் ஏறும். டயோடு அப்படிக் காத்திருக்காது. முதல் பத்துப் பதினைந்து நொடிக்கு லோடே இல்லாத முழு வோல்டேஜையும் கெப்பாசிட்டர் தாங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறை செட்டைப் போடும்போதும்.

அதனால் ஓடும்போது அளந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் தரும் ஏசி வோல்டேஜை 1.414-ஆல் பெருக்குங்கள். மெயின்ஸ், அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரம், 10 சதவீதம் ஏறினால் எவ்வளவு வரும் என்றும் பாருங்கள். நேரடி 230 வோல்ட் மெயின்ஸுக்கு உச்சம் 325. 253 ஆனால் 358. மெயின்ஸை நேரடியாக டிசியாக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளைகளில் (எஸ்எம்பிஎஸ்) 400 வோல்ட் கெப்பாசிட்டர் போடுவது இதனால்தான். அவற்றில் பவர் ஃபேக்டர் திருத்தும் சுற்று (மெயின்ஸிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைப்பது) இருந்தால் உள்ளே 380 முதல் 400 வரை நிற்கும். அங்கே 450 வேண்டும்.

வோல்ட் அளவு கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, இடம் கிடைத்தால் போதும். மைக்ரோஃபாரடை, அதாவது கெப்பாசிட்டரின் கொள்ளளவை, தாராளமாகக் கூட்டுவது வேறு விஷயம், ரெக்டிஃபையர் அடிவாங்கும்.

இரண்டு 400 வோல்ட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்தால் 800 வோல்ட் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டின் கசிவும் ஒன்றாக இருக்காது. கசிவு குறைந்ததன் மேல் அதிக வோல்டேஜ் ஏறும், முதலில் போவதும் அதுதான். வோல்டேஜ் சமமாகப் பிரிய ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர் போடுங்கள்.

மெயின்ஸின் குறுக்கே வரும் ஃபிலிம் கெப்பாசிட்டருக்குப் பதிலாக 630 வோல்ட் டிசி என்று எழுதியதைப் போடவே கூடாது. அங்கே எக்ஸ்2 வகைதான். பழுதானாலும் தீப்பிடிக்காதபடி சோதித்துச் சான்றளிக்கப்படுவது அது.

அப்புறம், பலகையில் கை வைப்பதற்கு முன் செட்டை பிளக்கிலிருந்து பிடுங்கி, கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். 325 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்றால் உள்ளே 5 ஜூல் இருக்கிறது. தெறிக்கும் பொறி கண்ணுக்கே ஆபத்து. கம்பியும் பிடியும் நன்றாக இன்சுலேட் செய்த 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து நொடி பிடித்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ரெசிஸ்டரை எடுத்த பிறகு கொஞ்சம் வோல்டேஜ் தானாகவே திரும்ப ஏறும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.