காய்ஷ்வெய்: சொல் விளக்கம்

சீனாவில் குடியேறும் வெளிநாட்டவர் விரைவில் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று, கொதித்த நீரைக் குறிக்கும் காய்ஷ்வெய். கொளுத்தும் கோடையிலும் உணவகத்தில் அமர்ந்தவுடன், கேளாமலே ஆவி பறக்கும் நீரோ இளந்தேநீரோ மேசைக்கு வருவது அங்கே வழக்கம். ரயில் பெட்டியின் கோடியில் காய்ஷ்வெய் என்று எழுதிய குழாய் இருக்கும். தேயிலைத் தூள் கிடக்கும் பிளாஸ்க்கையோ நூடுல்ஸ் கோப்பையையோ ஏந்தியபடி பயணிகள் அதன்முன் வரிசையில் நிற்பர்.

இச்சொல்லில் ஷ்வெய் என்பது நீர். காய் என்பது 'திற' என்னும் வினை. கதவைத் திறப்பதற்கும் பூ மலர்வதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் வழங்கும் அதே வினை, நீர் கொதிநிலையை எட்டுவதையும் குறிக்கும். நம் காய்தல், காய்ச்சுதல் ஆகியவை ஒலியாலும் பொருளாலும் இதனோடு ஒட்டி நிற்பது தற்செயலே. இதை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

பழஞ்சீனத்தில் சுடுநீரைக் குறித்த சொல் தாங். குளிர்காலத்தில் 'தாங்' பருகுவதாகவும் கோடையில் நீர் பருகுவதாகவும் பண்டைச் சீனத் தத்துவஞானி மென்சியஸின் நூலில் ஒரு தொடர் உண்டு. பின்னாளில் தாங் என்பது சூப்பைக் குறிக்கலாயிற்று. ஆனால் அதே எழுத்தை 'யூ' என்று படிக்கும் ஜப்பானியர் இன்றும் அதைச் சுடுநீர் என்றே கொள்கின்றனர்.

குளிர்ந்த நீர் வயிற்றுக்கு ஆகாது என்னும் மருத்துவ நம்பிக்கை பழையது. எனினும் காய்ச்சிக் குடிப்பது ஊர்தோறும் வேரூன்றியதில் அரசின் பங்கு பெரிது. 1952இல் தொடங்கிய தேசபக்த சுகாதார இயக்கமும் அதைத் தொடர்ந்த பிரச்சாரங்களும், நீரால் பரவும் நோய்களைத் தடுக்க 'ஷெங்ஷ்வெய் குடிக்காதீர்' என்று பள்ளிப் பிள்ளைகள் வரை சொல்லிக்கொடுத்தன. ஷெங் என்றால் சமைக்காத, பச்சையான என்று பொருள். ஆகவே ஷெங்ஷ்வெய் நம் பச்சைத் தண்ணீரேதான். இவ்வளவு கச்சிதமான இணை அரிதாகவே வாய்க்கும்.

காய்ஷ்வெய்யை வெந்நீர் என்று பெயர்ப்பதே பெருவழக்கு. அது முழுதும் பொருந்தாது. வெந்நீர் சூட்டை மட்டுமே சொல்கிறது. குளிக்க விளாவிய நீரும் வெந்நீர்தான். அதற்குச் சீனத்தில் ரெஷ்வெய் என்னும் தனிச்சொல் உண்டு. காய்ஷ்வெய் என்பதோ ஒருமுறை கொதித்துவிட்ட நீர். ஆறிய பின்னும் அதற்கு அப்பெயர் நீங்காது. 'ஆறிய' என்னும் பொருள்படும் லியாங் முன்னே சேர்ந்து லியாங்காய்ஷ்வெய் ஆவதே இதற்குச் சான்று. எனவே காய்ச்சிய நீர் என்பதே தக்க தமிழ். லியாங்காய்ஷ்வெய்க்குக் காய்ச்சி ஆறிய நீர் என்க. பாய்காய்ஷ்வெய் என்பதில் வரும் பாய், வெண்மையைக் குறிக்கும் சொல்லாயினும், இங்கே எதுவும் கலவாத என்று பொருள்படுவதால் 'வெறும்' என்பது பொருந்தும்.

சீனாவின் தெற்கே, கான்டனீயம் என்னும் சீன மொழிவகை பேசுவோர் இதனை குவான்ஸொய் என்பர். பொங்கிப் புரளும் நீர் என்பது சொற்பொருள் என்பதால் கொதிநீர் என்பது அதற்கு நெருக்கமானது. வந்த கையோடு கிளம்பத் துடிப்பவரைக் குவான்ஸொய்யில் கால் வெந்தவர் என்று ஹாங்காங்கில் கேலி செய்வார்கள். இவ்விடத்தில் மட்டும் வெந்நீரே சரி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் நம் ஊரிலும் உண்டு.