துணைவினை: ‘ஹெல்பிங் வெர்ப்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றில், மாலை வேளைகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பள்ளியிலிருந்து வரும்போதே அவர்கள் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்று தொடங்கி ‘வில், வுட்’ வரை 23 சொற்களை வாய்ப்பாடு போல ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். இவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டால் ‘ஹெல்பிங் வெர்ப்’ என்றும், தமிழில் என்ன என்று கேட்டால் ‘உதவி வினை’ என்றும் தயங்காமல் சொல்வார்கள். “யாருக்கு டீச்சர் உதவுது?” என்று ஒரு சிறுமி கேட்ட அன்றுதான், அந்தப் பெயரை நானும் அதுவரை எண்ணிப் பார்க்காமலே சொல்லிவந்தேன் என்பது எனக்கு உறைத்தது.

‘ஹெல்பிங் வெர்ப்’ என்பது பிள்ளைகளுக்காக எளிமையாக்கப்பட்ட வகுப்பறைப் பெயர்; இலக்கண நூல்களில் இதன் பெயர் ‘ஆக்சிலியரி வெர்ப்’. உதவி என்று பொருள்படும் ‘ஆக்சிலியம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. அச்சொல்லுக்கும் அடியில் ‘பெருகச் செய்தல்’ என்னும் பொருளுடைய வினையடி ஒன்று இருக்கிறது. ஆகவே, ஏற்கெனவே உள்ளதன் வலிமையைக் கூட்டுவதே இந்தச் சொல்லின் உட்பொருள். உரோமப் பேரரசில் குடியுரிமை இல்லாதவர்களைக் கொண்டு அமைத்த படைகளை ‘ஆக்சிலியா’ என்று அழைத்தார்கள். அவை முதன்மைப் படைக்குத் துணையாகப் போரிட்டன. நம்மிடமும் இதற்கு நேரான பெயர் உண்டு. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று படையை ஆறு வகையாகக் காட்டுகிறார். ஆக்சிலியாவுக்குத் துணைப்படை என்றால் ஆக்சிலியரி வெர்ப்புக்குத் துணைவினை என்பது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தமிழ் இலக்கணப் பாடங்களும் முதல்வினை, துணைவினை என்றே பிரிக்கின்றன.

‘உதவி வினை’ பிழையன்று. ஆனால் உதவி என்பது வேண்டும்போது வந்து, வேலை முடிந்ததும் விலகிவிடுவது. துணை என்ற சொல்லுக்கோ உடனிருப்பு, இணை, கூட்டாளி என்ற பொருள்கள் உண்டு. (‘எத்துணை’, ‘தினைத்துணை’ என்பவற்றில் வரும் அளவுப் பொருள் இங்கே நமக்குத் தேவைப்படாது.) எங்கள் கரையில் நிற்கும் வல்லங்களில், அதாவது நாட்டுப்படகுகளில், ‘அந்தோணியார் துணை’ என்றோ ‘முருகன் துணை’ என்றோ எழுதியிருப்பார்களே தவிர, ‘அந்தோணியார் உதவி’ என்று எவரும் எழுதியதை நான் பார்த்ததில்லை. முதல்வினையோடு கடைசிவரை கூடவே செல்லும் ஒரு சொல்லுக்கு எது பொருந்தும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

பெயரை விளக்கியபின் தொழிலை விளக்க வேண்டும். வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்பது தொல்காப்பியத்தின் இலக்கணம். துணைவினை வந்து சேர்ந்ததும், அந்தக் காலத்தைச் சுமக்கும் பொறுப்பு அதனிடம் போய்விடுகிறது. ‘படகு வந்துகொண்டிருக்கிறது’ என்பதில் ‘வா’ என்னும் முதல்வினை ‘வந்து’ என்று எச்சமாக நின்றுவிட, நிகழ்காலத்தையும் அஃறிணை ஒருமை விகுதியையும் கடைசியில் வரும் ‘இரு’ ஏற்றுக்கொள்கிறது. ‘தி போட் இஸ் கமிங்’ என்பதிலும் இதேதான் நடக்கிறது: ‘கமிங்’ அப்படியே நிற்க, ‘இஸ்’ என்பதை ‘வாஸ்’ என்று மாற்றினால் போதும், தொடர் முழுவதும் நேற்றைக்குப் போய்விடும். வேறுபாடு இடத்தில்தான். ஆங்கிலத்தில் துணைவினை முதல்வினைக்கு முன்னால் வரும், தமிழில் பின்னால் வரும்.

இதைப் புரியவைக்க இங்கே எனக்கு ஒரு வசதி இருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரத்தில் பாதிப் பிள்ளைகளின் தந்தையர் கடலில் இருப்பார்கள். அப்பா எங்கே என்று கேட்டால் ஒருவர்கூட ‘போனாக’ என்று சொல்லமாட்டார்கள். “கடலுக்குப் போயிருக்காக” என்பார்கள். போனவர் இன்னும் திரும்பவில்லை என்ற செய்தி முழுவதும் அந்த ‘இரு’வுக்குள் அடங்கியிருக்கிறது. ‘ஹி வெண்ட்’ என்பதற்கும் ‘ஹி ஹேஸ் கான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. இதற்கென நான் பல நாள் கரும்பலகையில் கோடு கிழித்துக் காலங்காட்டிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயில் புழங்கும் அந்த ஒரு சொல் அதைவிட விரைவாக வேலையை முடித்தது.

அந்த 23 சொற்களில் எல்லாமே எப்போதும் துணைவினையாக இருப்பதில்லை என்பதை வாய்ப்பாடு மறைத்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் எ நெட்’ என்றால் என்னிடம் வலை இருக்கிறது. அங்கே ‘ஹேவ்’ முதல்வினை. ‘ஐ ஹேவ் மெண்டட் தி நெட்’ என்றால் வலையைச் சரிசெய்துவிட்டேன். இங்கே அது துணைவினை. நம் ‘இரு’வும் அப்படித்தான்: ‘கூடையில் மீன் இருக்கிறது’ என்பதில் தனித்து நிற்கிறது, ‘மீன் கெட்டுப்போயிருக்கிறது’ என்பதில் துணைக்கு வருகிறது. ‘ஐ ஆம் எ கேர்ல்’ போன்ற தொடர்களில்தான் தமிழ் கைகொடுப்பதில்லை. ‘நான் சிறுமி’ என்று வினையே இல்லாமல் சொல்லும் மொழி நம்முடையது என்பதால், அந்த ‘ஆம்’ எதற்கு என்று பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பொருள் தேடாமல், ஆங்கிலத் தொடருக்கு ஒரு வினை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி நான் கடந்துவிடுவேன்.

‘கேன்’ என்பதற்கு எல்லா வழிகாட்டிகளும் ‘முடியும்’ என்றே எழுதுகின்றன. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘அறிந்திருத்தல்’ என்பதே பொருள். நாமும் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்றுதான் சொல்கிறோம். அலையில் குதித்து வளரும் பிள்ளையிடம் ‘ஐ கேன் ஸ்விம்’ என்பதற்கு ‘என்னால் நீந்த முடியும்’ என்று பொருள் சொன்னால், “முடியாம என்ன டீச்சர்?” என்று திருப்பிக் கேட்கிறது.

‘டிட் ஹி வெண்ட்?’ என்று எழுதுவது ஏறக்குறைய எல்லாரும் செய்யும் பிழை. காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே வாங்கிக்கொண்டதால், முதல்வினை ‘கோ’ என்ற பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு வல்லத்துக்கு இரண்டு சுக்கான் எதற்கு என்று கேட்டால், சிரித்துக்கொண்டே அழித்து எழுதுகிறார்கள்.

எழுதும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் துணைவினையை முதல்வினையோடு சேர்த்தே எழுத வேண்டும்; இடம் விட்டால் அது முதல்வினையாகிவிடக்கூடும். வலையில் சிக்கிய கடலாமையைப் பற்றி ‘எடுத்து விட்டார்’ என்று எழுதினால், வலையிலிருந்து எடுத்துக் கடலில் விட்டார் என்று பொருள். ‘எடுத்துவிட்டார்’ என்று எழுதினால், ஆமையைத் தனக்கென எடுத்துக்கொண்டார் என்றாகி, அவர்மீது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.