சிரியாவில் போரிட்ட ஆப்கானியர்: ஈரான் குடியுரிமை யாருக்குக் கிடைக்கும்?

சிரிய உள்நாட்டுப் போரில் அன்றைய அதிபர் பஷார் அல் அசதுக்கு ஆதரவாகப் போரிட, ஈரானின் புரட்சிக் காவல் படை வெளிநாட்டு ஷியாக்களை ஆள் சேர்த்தது. ஆப்கானியரின் படைக்குப் பெயர் ஃபாத்திமியூன். அதில் பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானின் ஷியா சிறுபான்மையான ஹஸாரா இனத்தவர். பாகிஸ்தானியருக்கு ஜைனபியூன் என்று தனிப் படை. ‘சிரியாவுக்குப் போனால் ஈரான் குடியுரிமை’ என்று பரவலாகச் சொல்லப்படுவதில் பாதிதான் சரி. 2016 மே மாதம் ஈரான் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பேசுவது போனவரைப் பற்றி அல்ல, செத்தவரின் குடும்பத்தைப் பற்றி.

அந்தச் சட்டப்படி, ஈரான்–ஈராக் போரிலோ அதன் பிறகோ, ஈரானின் உரிய அமைப்புகள் ஒப்படைத்த பணியில் உயிரிழந்த வெளிநாட்டவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு அரசு குடியுரிமை வழங்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதை முடிக்க வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இந்தப் பட்டியலில் இல்லை. தம்பியின் சம்பாத்தியத்தில் வாழ்ந்த விதவை அக்காவுக்கு இதில் இடம் கிடையாது.

பொது வழியோடு ஒப்பிட்டால்தான் இந்தச் சலுகையின் அளவு புரியும். ஈரான் சிவில் சட்டம் 979ஆம் பிரிவின்படி குடியுரிமை கேட்கும் வெளிநாட்டவர் 18 வயது நிரம்பியவராகவும் ஐந்தாண்டு ஈரானில் வசித்தவராகவும் இருக்க வேண்டும். படையிலிருந்து தப்பி ஓடியவராக இருக்கக் கூடாது. பெருங்குற்றத் தண்டனையும் பெற்றிருக்கக் கூடாது. நடைமுறையில், ஈரானிலேயே பிறந்து வளர்ந்த ஆப்கானியர்கூட அகதி அட்டையோடுதான் காலம் தள்ளுகிறார்கள். ‘அமாயேஷ்’ எனப்படும் அந்த அட்டையைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. வேறு மாகாணத்துக்குப் போகத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். பின்னாளில் வந்தவர்களுக்கு அந்த அட்டையும் அரிது.

உயிரோடு இருந்த போராளிக்குச் சொல்லப்பட்டது வேறு: மாதச் சம்பளம், வசிப்பு அனுமதி. சம்பளம் சுமார் 500 டாலர் என்றன அந்நாளைய செய்திகள். மறுத்தால் நாடு கடத்துவோம் என்று மிரட்டப்பட்டதாகவும் சிலர் மனித உரிமைக் கண்காணிப்பகத்திடம் (Human Rights Watch) சொன்னார்கள். வசிப்பு அனுமதிக்கு ஆயுள் உண்டு. காலாவதியானால் பழைய நிலைதான்.

சிக்கல் தொடங்குவது ஆள் சேர்க்கும் மேசையில். அங்கே வயதை வாயால் கேட்டார்களே தவிர, சான்று எதுவும் கேட்கவில்லை என்று சேர்ந்தவர்களே கூறியிருக்கிறார்கள். ஈரானியக் கல்லறைகளின் நடுகற்களை ஆராய்ந்த அதே கண்காணிப்பகம், சிரியாவில் போரிட்டு இறந்த எட்டு ஆப்கானியச் சிறுவர்களை 2017இல் அடையாளம் கண்டது. மிகச் சிறியவனுக்கு வயது 14. சேரும்போது காகிதம் தேவைப்படவில்லை. அவன் தாய் குடியுரிமை கேட்டுப் போகும்போதோ எல்லாமே காகிதம்தான்.

முதலில் நிறுவ வேண்டியது, இறந்தவர் அந்தப் பணியில்தான் இறந்தார் என்பது. இதற்கு அனுப்பிய அமைப்பின் உறுதிச் சான்று இல்லாமல் விண்ணப்பம் நகராது. பலர் இயக்கப் பெயரில் போரிட்டவர்கள். களத்தில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று குடும்பம்தான் நிரூபித்தாக வேண்டும். உடல் கிடைக்காமல் ‘காணாமல் போனவர்’ கணக்கில் இருப்பவரின் வீட்டார் இந்த முதல் படியிலேயே நிற்பார்கள்.

அடுத்தது உறவு. நிக்காஹ் மௌலவி முன் நடந்து, அரசுப் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் மனைவி என்பதற்குச் சான்று இல்லை. பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் அதோடு சேர்ந்து இடறும். பெற்றோர் காபூலிலோ பாமியானிலோ இருந்தால் ஆப்கானிய அடையாளச் சீட்டான தஸ்கராவில் உள்ள பெயரும் ஈரானிய ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஹஸாராப் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவது சாதாரணம்.

இதையெல்லாம் தாண்டினால் கையில் வருவது ‘ஷெனாஸ்நாமே’ என்ற சிறு அடையாளப் புத்தகம். அதன் பிறகும் ஒரு வரம்பு உண்டு: குடியுரிமை பெற்ற வெளிநாட்டவர் குடியரசுத் தலைவராகவோ, அமைச்சராகவோ, நாடாளுமன்ற உறுப்பினராகவோ, நீதிபதியாகவோ ஆக முடியாது என்கிறது 982ஆம் பிரிவு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பில்லைதான்.

எத்தனை குடும்பங்களுக்கு இது பொருந்தும்? ஃபாத்திமியூன் பொறுப்பாளர் ஒருவரே 2018இல் ஈரானிய நாளிதழிடம் சொன்ன கணக்கு: 2,000 பேர் பலி, 8,000 பேர் காயம். அந்த 8,000 பேரும் சட்டத்தின் வெளியே நிற்பவர்கள். காலை இழந்தவரும் அதில் சேர்த்தி.

2024 டிசம்பர் 8ஆம் தேதி அசத் ஆட்சி கவிழ்ந்தது. சிரியாவில் இந்தப் படைக்கு வேலை இல்லாமல் போனது. மறு ஆண்டு, ஆவணமற்றவர்களைக் கணக்கெடுத்தபோது ஈரான் தந்த தற்காலிகச் சீட்டு மட்டும் வைத்திருந்த ஆப்கானியர் ஜூலை 6க்குள் வெளியேற வேண்டும் என்றது ஈரான். அந்த ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டினார்கள். ஷெனாஸ்நாமே வைத்திருக்கும் விதவை ஈரானியர், அவரை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. சிரியாவுக்கு மூன்று முறை போய் உயிரோடு திரும்பியவரிடம் இருப்பது காலாவதியான அனுமதி என்றால், அவரும் அந்தச் சீட்டுக்காரர்களைப் போலவே வெளிநாட்டவர்தான்.