வளைகுடா ஜெயிலில் பிள்ளை: ஊருக்கு மாற்றக் கேட்கும் உரிமையும் அதில் விழவைக்கும் குழிகளும்

குளச்சல் பக்கம் ஒரு அம்மா என்னிடம் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே, மகனை இந்திய ஜெயிலுக்கு மாற்றக் கேட்ட 11 மனுக்களின் நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்தது, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்தது, பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த கடிதம் என்று ஒவ்வொன்றும் மடித்த இடத்தில் கிழிந்துபோயிருந்தது. மகன் வளைகுடாவில் போதை மாத்திரை வழக்கில் தண்டனையில் இருக்கிறான். "மக்களே, எல்லாருக்கும் குடுத்தாச்சு. இனி ஆருக்குக் குடுக்கணும்?" என்றார்.

பதினொன்றில் ஒன்றுகூட விண்ணப்பமாகக் கணக்கில் சேராது. மனு போட வேண்டியவர் அந்த அம்மா இல்லை, ஜெயிலில் இருக்கும் மகன். இந்த ஒரு வரியை இரண்டு வருடமாக எந்த அலுவலகமும் அவரிடம் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி இவ்வளவுதான். போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, பிடித்துக் கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை. தண்டனை பெற்றவரை அவரவர் நாட்டுக்கு மாற்ற நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடலாம் என்றும் சொல்கிறது. இந்தியாவில் அதற்கான சட்டம் 2003-ல் வந்த கைதிகளைத் தாயகம் அனுப்பும் சட்டம். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஈரான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றோடு ஒப்பந்தம் இருக்கிறது. தூத்தூரிலிருந்தும் இனயத்திலிருந்தும் மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் போகும் நாடுகள் இந்தப் பட்டியலில் உண்டு.

ஒன்றை மனதில் வையுங்கள். இது விடுதலை இல்லை. மீதித் தண்டனையை இந்திய ஜெயிலில் கழிப்பது மட்டுமே. "இங்க வந்தா குறைச்சிரலாம்" என்று சொல்லிப் பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். மொரீஷியஸில் ஹெராயின் வழக்கில் 26 வருடம் தண்டனை பெற்று, 2016-ல் இந்தியாவுக்கு மாற்றப்பட்ட ஒருவர், இந்தியச் சட்டப்படி 10 வருடமாகக் குறைக்கக் கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அதை ரத்து செய்தது. அங்கே போட்ட தண்டனைதான் இங்கேயும். ஆனாலும் பாளையங்கோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப் போய் மகன் முகத்தைப் பார்க்கலாம், அவன் பாஷை பேசுகிறவர்கள் நடுவில் இருப்பான். அந்த அம்மா கேட்டதும் அவ்வளவுதான்.

இனி ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

தீர்ப்பு இறுதியாக வேண்டும். விசாரணை நடக்கும்போதோ அப்பீல் நிலுவையில் இருக்கும்போதோ கேட்டால் கோப்பு நகராது. அப்பீலும் போட்டு, மாற்றவும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் வருடங்களைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. எது வேண்டும் என்று வக்கீலிடம் பேசி முடிவு செய்யுங்கள். அங்கே அவன் மேல் வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதுவும் தடைதான்.

தண்டனையில் மீதி இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கோரிக்கை போய்ச் சேரும் நாளில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். இந்தக் கோப்பு எவ்வளவு மெதுவாக நகரும் என்பது தெரிந்தால், இரண்டு வருடத்துக்குக் குறைவாகப் பாக்கி உள்ளவர் இந்த வழியில் இறங்குவதால் பெரிய பலன் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

மூன்று சம்மதம் வேண்டும்: அந்த நாடு, இந்தியா, கைதி. கைதி தன் கைப்பட விண்ணப்பித்து, அதை ஜெயில் நிர்வாகம் வழியாகவோ நம் தூதரகம் வழியாகவோ கொடுக்க வேண்டும். எனவே அடுத்த முறை போன் வரும்போது நலம் விசாரித்துவிட்டு உடனே கேளுங்கள்: "எழுதிக் கொடுத்தியா? என்னைக்குக் கொடுத்த? ஆருகிட்ட கொடுத்த?" தேதியைக் குறித்து வையுங்கள். அழுதே நேரம் போய்விடும், தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

அப்புறம்தான் நம் ஊர்ப் பிரச்சினை. கோப்பு டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து தமிழக அரசுக்கு வரும், இவர் இந்த ஊர்க்காரர்தானா என்று பார்க்க லோக்கல் ஸ்டேஷனுக்கு இறங்கும். அதிகம் கோப்புகள் சாவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் இருப்பது கடற்கரையில் இருந்த பழைய வீட்டு முகவரி. 2004 சுனாமிக்குப் பிறகு குடும்பம் சுனாமி குடியிருப்புக்கு மாறிவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் பழைய தெருவில் கேட்டுவிட்டு, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று எழுதிவிடுவார். அந்த ஒற்றை வரிக்கு ஒரு வருடம் போய்விடும்.

பெயரும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும், ஆதாரில் ஞானஸ்நானப் பெயர். ஆகவே போலீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல், ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், பழைய வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு மாறியதற்கு வி.ஏ.ஓ. கொடுக்கும் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஸ்டேஷனிலும் எஸ்.பி. அலுவலகத்திலும் நீங்களே முன்கூட்டிக் கொடுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி அதோடு சேருங்கள். வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். "ரசீது எல்லாம் கிடையாதும்மா" என்றால் அசல் கையில் இருக்கட்டும், ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். நாகர்கோவில் கோர்ட்டில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுத இலவசமாக உதவி கேட்கலாம். 15100-க்கு அடித்தும் கேட்கலாம். மனு எழுத ஐயாயிரம், பத்தாயிரம் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போதுதான் பிடிபட்டிருக்கிறான் என்றால்? தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்பது கைதானவரின் உரிமை, 1963 வியன்னா உடன்படிக்கை அதைத் தருகிறது. ஆனால் அவன் கேட்டால்தான் நடக்கும், பயத்தில் பலர் கேட்பதில்லை. நீங்கள் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதியுங்கள். ஒரு எண் கிடைக்கும். இனி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனுவின் முதல் வரியில் அந்த எண் இருக்க வேண்டும். அது இல்லாத மனு, கட்டு மேலே இன்னொரு தாள், அவ்வளவுதான். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் அதே எண்ணைப் போட்டு எழுதுங்கள். வழக்கு எண், ஜெயிலின் பெயர், தீர்ப்பின் நகல் மூன்றையும் அங்கே இருக்கும் கூட்டாளி யாரையாவது பிடித்து வாங்கிவிடுங்கள். அரபித் தீர்ப்பை மொழிபெயர்க்காமல் இங்கே யாரும் தொடமாட்டார்கள். தூதரகங்களில் உள்ளூர் வக்கீல் பட்டியல் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். தூதரகத்தின் சமுதாய நல நிதி ஏழைகளின் சட்டச் செலவுக்கு உதவும், ஆனால் போதை வழக்கு என்றதும் கையை விரிப்பார்கள். பிடிபட்டது அடுத்தவர் கொடுத்த பார்சல் என்றால் அதை முதல் மனுவிலேயே, கொடுத்தவர் யார், எங்கே வைத்துக் கொடுத்தார் என்பதோடு எழுதுங்கள். பிறகு சொன்னால் ஜோடித்த கதை என்பார்கள்.

பார்சல் என்றதும் ஒரு பையன் கதைதான் ஞாபகம் வருகிறது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அன்று தெரிந்தவர் ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து கொடுத்தார். கவர் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிய கருகல் தெரிந்தது. நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் ஒட்டுகிறோம், யாருக்குச் சந்தேகம் வரும்? சிப்ஸுக்கு அடியில் மாத்திரை அட்டைகள்.

யார் கொடுத்தாலும், சொந்தச் சித்தப்பா கொடுத்தாலும், கவரைப் பிரித்துக் கொட்டிப் பார்த்துத் திரும்பக் கட்டுங்கள். பிரிக்க வேண்டாம் என்கிறவரின் பார்சல் வேண்டாம். குருமாவுக்கு வைக்கும் கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்ட பொருள், நூறு கிராம்கூடக் கொண்டுபோகாதீர்கள். இடுப்புவலிக்கு எழுதித் தரும் டிரமடால், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் இரண்டும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். நம் ஊர்க் கடையின் பில்லைக் காட்டித் தப்பிக்க முடியாது. கட்டாயம் வேண்டும் என்றால் டாக்டர் சீட்டும் மருத்துவ அறிக்கையும் வைத்து, அந்த நாட்டு சுகாதாரத் துறையின் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கி, அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

மஞ்சள் பை அம்மாவின் மகன் போன மாதம்தான் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறான். கோப்பு இனிமேல்தான் டெல்லிக்குப் போக வேண்டும். பெயர் ஒன்றே என்ற பிரமாணப் பத்திரத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம். ஸ்டேஷனிலும் எஸ்.பி. அலுவலகத்திலும் உறையைக் கொடுத்தாயிற்று, இரண்டு ரசீதும் அதே பையில் இருக்கின்றன.