விடுபட்டவர்களை எண்ணுவது எப்படி?

வேலூரில் ஒரு வருஷத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்? மாநகராட்சிப் பதிவேட்டைப் புரட்டினால் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது வேலூர்க்காரர்களின் எண் அல்ல. நம் நாட்டில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். சிஎம்சி மருத்துவமனைக்குச் சித்தூரிலிருந்து வருகிறார்கள், கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இங்கே இறந்தால் கணக்கு வேலூருக்குப் போகும். இன்னொரு பக்கம், அணைக்கட்டுக்கு மேலே மலையில் பீஞ்சமந்தை போன்ற ஓர் ஊரில் ஒரு மூதாட்டி வீட்டிலேயே கண்மூடுகிறார். சொத்து இல்லை, காப்பீடு இல்லை, சான்றிதழ் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. அந்த இறப்பு பதிவேட்டில் ஏறாமலே போகலாம்.

1969-ஆம் வருஷச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும் என்பதால் பிறப்புகள் பெரும்பாலும் பதிவாகிவிடுகின்றன. சான்றிதழால் யாருக்கும் பயனில்லாத சாவுகள்தான் நழுவும். பிறந்து மூன்றாம் நாளே இறந்த குழந்தைக்குப் பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது. எந்த ஊரில் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்களோ, அந்த ஊரே காகிதத்தில் நன்றாக இருப்பதுபோல் தெரியும். இதைவிட ஆபத்தான பிழை வேறு இருக்க முடியாது.

சரி, பதிவேட்டில் இல்லாததை எப்படி எண்ணுவது? இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை போயிருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த தரவுகளை வைத்து, மக்கள்தொகை ஆய்வாளர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-இல் ஒரு வழியை எழுதினார்கள். ஒரே ஊரில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியே பிறப்புகளைப் பட்டியலிட வேண்டும். முதல் பட்டியலில் 80 குழந்தைகள், இரண்டாவதில் 75, இரண்டிலும் இருப்பவர்கள் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கண்டுபிடித்த 75-இல் 60 பேரை முதலாமவரும் பிடித்திருக்கிறார், அதாவது நூற்றுக்கு 80. அப்படியானால் முதலாமவரின் 80 என்பது மொத்தத்தில் நூற்றுக்கு 80 பங்கு, மொத்தம் 100. இரண்டு பட்டியலையும் சேர்த்தாலும் 95 பெயர்கள்தான் வரும். யார் கண்ணிலும் படாத அந்த ஐந்து குழந்தைகளை இந்தக் கணக்கு வெளியே கொண்டுவருகிறது.

எவ்வளவு எளிமை! ஆனால் நடைமுறையில் இரண்டு இடங்களில் இது உடையும். முதலாவது, பொருத்திப் பார்ப்பது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள் கணியம்பாடியில் பெற்றெடுக்கிறாள், குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஒரு பட்டியலில் தாயின் பெயர், இன்னொன்றில் தகப்பன் பெயர். ஒரே குழந்தை இரண்டாகிவிடும். இரண்டாவது, கூட்டுச் சேர்வது. இரண்டாவதாகப் பட்டியலிட மேற்பார்வையாளர் வந்ததும் முதலாமவர் தன் நோட்டைக் காட்டிவிட்டால் இரண்டு பட்டியலும் அழகாக ஒத்துப்போகும். ஒன்றுமே விடுபடவில்லை என்று சூத்திரம் சொல்லும்.

இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் இந்த இரட்டைப் பதிவு முறையில்தான் நடக்கிறது. 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70-இல் முழுமையானது. தேர்ந்தெடுத்த 8,000-க்கும் மேற்பட்ட பகுதிகளில், உள்ளூர் ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ வருஷம் முழுக்கக் குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து வீடு வீடாகத் தனியே கேட்பார். பொருந்தாத பெயர்களைச் சூத்திரத்தின் கையில் விட்டுவிடாமல் மறுபடியும் நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள். வழக்கமாக அங்கே வசிப்பவர்களை மட்டுமே எண்ணுவதால், வேலூர் ஆஸ்பத்திரிச் சிக்கல் இங்கே கிடையாது.

எண்ணுவது ஒன்று, எதனால் இறந்தார் என்று அறிவது அதைவிடக் கடினம். இதில் கணியம்பாடி வட்டாரம் உலகத்துக்கே பாடம் சொன்னது. அங்கே சிஎம்சியின் சமுதாய நலப் பிரிவில், அந்தந்தக் கிராமத்துப் பெண்ணே சுகாதாரப் பணியாளர். அவர் சொல்லும் தகவலை உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று மேலே மேலே சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் குடும்பத்தாரிடம் பேசிக் காரணத்தை அறிகிறார்கள். 1994 முதல் 1999 வரையிலான விவரங்களை 2003-இல் வெளியிட்டபோது, தற்கொலைச் சாவுகள் லட்சத்துக்கு ஏறத்தாழ 95 என்று தெரிந்தது. காவல்துறைப் பதிவுகளின்படி தேசிய அளவு அப்போது 10-ஐ ஒட்டியே இருந்தது. போலீசுக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் பயந்த குடும்பம் வயிற்றுவலி என்றுதான் சொல்லும். தெரிந்த முகத்திடம்தான் உண்மை வரும். எந்த மென்பொருளும் அந்த முகத்துக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

உலகம் முழுக்க நிகழும் இறப்புகளில் பத்தில் நான்கு பதிவாவதில்லை என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆப்பிரிக்காவில் அப்போது பத்தில் ஒன்றுதான் பதிவானது. வளரும் நாடுகளுக்குப் புள்ளியியலுக்காக வரும் உதவிப் பணம் பெரிய ஒருமுறை ஆய்வுகளுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. ஊரில் தங்கி வருஷக்கணக்கில் குறித்து வைக்கும் ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. ஆய்வுக் குழு மூட்டை கட்டியதும் அந்த நாட்டின் கண்களும் மூடிக்கொள்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இதே இரண்டாவது கண் உண்டு. கணக்கெடுப்பு முடிந்ததும் சில பகுதிகளில் வேறு ஆட்கள் மறுபடி போய் எண்ணுவார்கள். 2011-இல் அப்படிப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரிந்தது. அந்த வருஷம் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. 2019-இல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. 2027 கணக்கெடுப்பில் மூன்றுக்கும் முதல்முறையாகத் தனித்தனி எண் வரும். ஆனால் மறு எண்ணிக்கைக்கு எடுக்கும் மாதிரி சிறியது, ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று சொல்ல அது போதாது. அந்த மாதிரியைப் பெரிதாக்க ஆகும் செலவு, மொத்தக் கணக்கெடுப்புச் செலவில் மிகச் சிறிய பங்குதான். மலைக்கிராமங்களுக்கும் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய வாடகைக் குடியிருப்புகளுக்கும் முதலில் அதைச் செய்யலாம்.